அந்த ஒரு நாள் வகுப்புக்குப் பணம் கொடுங்கள்

ஆப்பிரிக்காவில் தொழிற்பள்ளிகளுக்கு நிதி தரும் அறக்கட்டளைகளுக்கும், அவற்றின் நிர்வாகக் குழுவினருக்கும், மாதாமாதம் தங்கள் சம்பளத்திலிருந்து ஒரு பங்கை அனுப்பிவைக்கும் அன்பர்களுக்கும்,

வணக்கம்.

பாடமும் படிக்க வேண்டும், கையில் ஒரு தொழிலும் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கென்யாவிலும் உகாண்டாவிலும் பெனினிலும் இன்னும் பல நாடுகளிலும் நடக்கும் பள்ளிகளுக்கு நீங்கள் உதவுகிறீர்கள். உங்களில் தமிழர்களும் இருக்கிறார்கள், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். நான் கேட்க வந்தது ஒன்றுதான். இரண்டு மூன்று ஆண்டுகளில் பள்ளி தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிடுங்கள். அந்த நிபந்தனைக்கு விலை கொடுப்பவர்கள் அங்கே படிக்க வந்த பிள்ளைகள்.

நான் கணித ஆசிரியன். 1980களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நிறைய ஆசிரியர்கள் ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். நான் போனது போட்ஸ்வானாவுக்கு. பகலில் அரசுப் பள்ளி, அதோடு பக்கத்திலிருந்த 'பிரிகேட்' என்ற தொழிற்பயிற்சிக் குழுவின் பையன்களுக்கும் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். இந்த மடலில் நான் சொல்வதெல்லாம் அங்கிருந்து தொடங்கியதுதான்.

போட்ஸ்வானாவின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று புதிய முயற்சி என்று உங்கள் மேசைக்கு வரும் திட்ட அறிக்கைகளில் பல, 60 ஆண்டுகளுக்கு முன்பே செரோவே என்ற ஊரில் செய்து பார்க்கப்பட்டவை.

பாட்ரிக் வான் ரென்ஸ்பர்க் டர்பனில் பிறந்த தென்னாப்பிரிக்க வெள்ளையர். பெல்ஜிய காங்கோவில் தென்னாப்பிரிக்க அரசின் துணைத் தூதராக இருந்தவர். நிறவெறி ஆட்சிக்கு வேலை செய்ய மனம் ஒப்பாமல் 1957இல் பதவியை உதறினார். அப்புறம் நாட்டை விட்டே வெளியேற வேண்டி வந்தது. 1963இல் செரோவேயில் ஸ்வானெங் ஹில் பள்ளியைத் தொடங்கினார். போட்ஸ்வானா அப்போது பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரிட்டனின் பொறுப்பில் இருந்தது. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. உயர்நிலைப் பள்ளிகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. பள்ளிக் கட்டடத்தை மாணவர்களும் ஆசிரியர்களும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் சேர்ந்து தங்கள் கையாலேயே கட்டினார்கள்.

பள்ளி எழுந்துவிட்டது. ஆனால் தொடக்கப் பள்ளி முடித்தவர்களில் சிலருக்குத்தான் மேலே படிக்க இடம் கிடைத்தது. மற்றவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், இல்லையென்றால் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குக் கூலியாகப் போனார்கள். அவர்களுக்காக வான் ரென்ஸ்பர்க் 1965இல் கட்டுமான பிரிகேடைத் தொடங்கினார். ஏற்பாடு எளிமையானது. வாரத்தில் நான்கு நாள் கட்டட வேலை, ஒரு நாள் வகுப்பு. வகுப்பில் ஆங்கிலம், கணக்கு, தொழிலின் அடிப்படைகள், நாட்டின் நிலைமை பற்றிய பாடம். கட்டிக் கொடுக்கும் வேலைக்குக் கிடைக்கும் பணத்தில்தான் பயிற்சியாளர் சம்பளமும் பொருள் செலவும். பின்னால் தச்சு, விவசாயம், தோல் பதனிடுதல், நெசவு, மோட்டார் மெக்கானிக் என்று ஒவ்வொன்றுக்கும் பிரிகேடுகள் வந்தன. செரோவேயைப் பார்த்து மற்ற ஊர்களிலும் தொடங்கினார்கள். ஊர்க்காரர்களே அறக்கட்டளை அமைத்து நடத்தினார்கள். 1981இல் வான் ரென்ஸ்பர்குக்கு, 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

செலவைத் தாங்களே ஈட்ட வேண்டும் என்று அவர் முடிவு செய்ததில் நியாயம் இருந்தது. அரசிடம் பணமில்லை. வெளி உதவியை நம்பினால் ஒரு ஊரில் ஒரு பள்ளியோடு நின்றுவிடும். தன் காலில் நின்றால் ஊர் ஊராகப் பரவும். பரவவும் செய்தது. அந்த மனிதரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

சிக்கல் அந்த நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தது. மாதக் கடைசியில் பணம் பற்றாமல் போனால் எதைக் குறைப்பது? வேலையைக் குறைத்தால் வருமானம் குறையும். வகுப்பைக் குறைத்தால் உடனே எதுவும் குறையாது, வேலையும் வேகமாக முடியும். அதனால் முதலில் போவது வகுப்பு நாள்தான். நான் பாடம் எடுத்த இடத்தில் (ஊரும் பெயரும் வேண்டாம்) அப்படித்தான் நடந்தது. ஆசிரியர் குடியிருப்பு கட்டும் பெரிய ஒப்பந்தம் ஒன்று வந்தது. குறித்த நாளுக்குள் முடிக்காவிட்டால் பணம் பிடித்தம். இந்த வாரம் மட்டும் வகுப்பு வேண்டாம் என்றார் மேலாளர். அடுத்த வாரமும் அதையே சொன்னார். குளிர்காலம் முழுவதும் பையன்கள் சுவர் எழுப்பினார்கள். சுவர் நேராகத்தான் நின்றது. ஆனால் அரசு நடத்தும் தொழில் தேர்வில் செய்முறையில் தேறியவர்களில் பலர் எழுத்துப் பகுதியில் தவறிவிட்டார்கள். மேலாளர் கெட்டவர் இல்லை. சம்பளப் பட்டுவாடா அவர் தலையில் இருந்தது.

ஒரு கொத்தனாருக்கு எதற்கு அவ்வளவு படிப்பு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். என் பாடம் என்பதால் இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அஸ்திவாரத்துக்கு மூலை எடுக்கும்போது கயிற்றில் 3, 4, 5 என்று அளவு வைத்து முக்கோணமாக இழுத்தால் மூலை சரியாக அமையும். எந்த மேஸ்திரியும் இதைச் சொல்லித் தந்துவிடுவார், பையன்களும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்வார்கள். வகுப்பில் நாங்கள் செய்தது அதற்கு அடுத்தது. 6, 8, 10 ஏன் சரி வருகிறது? சாய்வான கூரைக்குக் கைமரம் எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும்? இந்த வரைபடத்துக்கு எத்தனை கல், எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை ஆள், எத்தனை நாள்? இந்தக் கணக்கு தெரிந்தவன் கொட்டேஷன் கொடுத்துத் தானே வேலை எடுப்பான். தெரியாதவன் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அடுத்தவரிடம் தினக்கூலிக்கு நிற்பான். அந்த ஒரு நாளைப் பறித்தால் பையனுக்கு ஆயுள் முழுவதற்குமான ஏற்றம் போய்விடுகிறது. மாணவன் என்று சேர்த்துக்கொண்டு அவனைக் கூலி குறைந்த தொழிலாளியாக வைத்திருந்தோம் என்றுதான் ஆகும்.

போட்ஸ்வானாவில் அப்புறம் என்ன ஆயிற்று? 1966இல் சுதந்திரம். அடுத்த ஆண்டே ஓராபாவில் வைரம் கண்டுபிடித்தார்கள், 1971இல் சுரங்கம் திறந்தது. அரசிடம் பணம் சேர்ந்தது, உயர்நிலைப் பள்ளிகள் பெருகின, அலுவலக வேலைகள் வந்தன. பிரிகேடுகளுக்கு அரசு, பயிற்சி பெறும் பிள்ளை ஒருவருக்கு இவ்வளவு என்று மானியம் கொடுக்க ஆரம்பித்தது. பயிற்சியும் உற்பத்தியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்ட சண்டை மட்டும் தீரவில்லை. கடைசியில் அரசே பிரிகேடுகளைத் தன் தொழிற்கல்வி அமைப்புக்குள் எடுத்துக்கொண்டது. கல்விச் செலவைக் கல்விக்கான பொதுப் பணம்தான் தாங்க வேண்டும் என்ற இடத்துக்கு அந்த நாடு சுற்றி வந்து சேர்ந்தது. வைரம் இல்லாத நாடுகளில் அந்த இடத்தை இப்போதைக்கு நிரப்புவது நீங்கள்தான். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

பெற்றோர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிற்பள்ளி என்றால் அவர்கள் முகம் சுளிக்கிறார்கள், கைவேலையை மதிக்கத் தெரியவில்லை, மனப்பான்மையை மாற்ற வேண்டும் என்று உங்கள் அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. தமிழர்களுக்கு இது புரியாமல் போகக் கூடாது. 1953இல் தென்னாப்பிரிக்காவில் பாண்டு கல்விச் சட்டம் வந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட உழைப்புக்கு மேல் இந்த நாட்டில் இடமில்லை, அதற்குத் தகுந்த படிப்புப் போதும் என்பது அதைக் கொண்டுவந்த ஃபெர்வூர்டின் வாதம். அதே 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அரசு, பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதை எதிர்த்து நின்றார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல, அங்கே நடந்தது பெரும் கொடுமை. ஆனால் பாதிப் படிப்பு போதும் என்று மேலே இருப்பவர் சொல்லும்போது கீழே இருப்பவருக்கு வரும் சந்தேகம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆப்பிரிக்காவில் அந்தச் சந்தேகத்துக்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு. காலனி ஆட்சிக் காலம் முழுக்க, ஆப்பிரிக்கருக்கு ஏற்ற கல்வி என்ற பெயரில் மண்வெட்டியைக் கையில் கொடுத்த பள்ளிகள் அங்கே இருந்தன. கானாவில் 1960களில் ஆராய்ச்சி செய்த ஒரு கல்வியாளர், பெற்றோர்கள் ஏட்டுக் கல்வியை விரும்புவது அறியாமையால் அல்ல, குமாஸ்தாவுக்குக் கிடைக்கும் சம்பளத்தைப் பார்த்துத்தான் என்று எடுத்துக் காட்டினார். மாற வேண்டியது பெற்றோரின் மனது என்று எழுதுவதை நிறுத்துங்கள்.

மேலே படிக்கும் கதவை மூடாமல் வைத்தால் அதே பெற்றோர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நைரோபியின் ஸ்டாரேஹே பாய்ஸ் சென்டர் இதற்குச் சாட்சி. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மௌ மௌ போராட்டத்தை ஒடுக்கிய காலத்தில் பெற்றோரை இழந்து தெருவுக்கு வந்த பையன்களுக்காக 1959இல் ஜெஃப்ரி கிரிஃபின், ஜோசப் கிகுபு, ஜெஃப்ரி கெட்டூரோ மூவரும் இரண்டு தகரக் கொட்டகைகளில் தொடங்கியது அது. சேவ் த சில்ட்ரன் போன்ற அமைப்புகளும் தனி ஆட்களும் பல ஆண்டுகள் தாங்கினார்கள். ஏழைப் பிள்ளைகள் கட்டணமில்லாமல் படித்தார்கள். தொழில்நுட்பப் படிப்பும் உண்டு, தேசியத் தேர்வில் முதல் வரிசை மதிப்பெண்ணும் உண்டு. கிரிஃபின் 2005இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அந்தப் பள்ளியில் இடம் கிடைப்பது கென்யாவில் ஒரு பெருமை. கைத்தொழில் கற்பிக்கிறார்கள் என்பதற்காக யாரும் அதைக் கீழாக நினைத்ததில்லை.

உங்கள் தரப்பில் ஒரு பதில் வரும் என்று தெரியும்: பெனின் நாட்டின் சொங்காய் மையம் உற்பத்தி செய்தே நிற்கிறதே? உண்மை, பெரிய சாதனைதான். காட்ஃப்ரி ந்ஸாமுஜோ என்ற நைஜீரியப் பாதிரியார் 1985இல் போர்ட்டோ-நோவோவில் வளமில்லாத சிறு நிலத்தில் ஆரம்பித்தார். கழிவில் ஈப்புழு வளர்த்து மீனுக்குத் தீனி, சாணத்தில் எரிவாயு, அதன் மிச்சம் வயலுக்கு உரம் என்று எதுவும் வீணாகாத பண்ணையாக அதை மாற்றினார். ஆனால் சொங்காய்க்குப் போவோர் பண்ணைத் தொழில் தொடங்க விரும்பி வரும் இளைஞர்கள். அங்கே பண்ணைதான் பாடப்புத்தகம். வெளி உதவியோடு பல ஆண்டுகள் வளர்ந்துதான் அந்த நிலைக்கு வந்தது. எட்டாம் வகுப்பில் படிப்பை விட்ட பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துப் பிழை திருத்தி, பின்னக் கணக்கு சொல்லி, கூடவே வெல்டிங் கற்றுக்கொடுக்கும் சின்னப் பள்ளியிடம் மூன்றாம் ஆண்டில் சொங்காயை எதிர்பார்ப்பது அநியாயம்.

தையல் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு என்றாலே தையல் இயந்திரம், இல்லையென்றால் முடி அலங்காரம் என்று முடிவு செய்துவிடுகிறோம். கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் 'மிதும்பா' என்கிற பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. பணக்கார நாடுகளில் தானமாகக் கொடுக்கப்பட்ட துணியில் பெரும்பகுதி கடைசியில் அங்கேதான் விற்பனைக்கு வருகிறது. தைத்துக் கொடுக்கும் பெண் அந்த விலைக்கு எப்படிப் போட்டி போடுவாள்? 2016இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் பழைய துணி இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தன. அமெரிக்கா வர்த்தகச் சலுகையைக் காட்டி நெருக்கியது. மற்ற நாடுகள் பின்வாங்க, ருவாண்டா மட்டும் உறுதியாக நின்று 2018இல் ஆடைகளுக்கான சலுகையை இழந்தது. இதை யோசிக்காமல் இயந்திரம் மட்டும் அனுப்பினால் அந்தப் பெண் சான்றிதழோடு வீட்டில் உட்கார்ந்திருப்பாள். ராஜஸ்தானின் திலோனியாவில் எழுதப் படிக்கத் தெரியாத ஆப்பிரிக்கக் கிராமப் பெண்கள், பாட்டிமார்கள் உட்பட, சூரிய மின்சாரக் கருவிகளைப் பூட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். பெண்ணுக்கு எது முடியும் என்பதை நாமே முடிவு செய்துவிட வேண்டாம்.

வேலை எங்கே இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து நீங்கள் தப்ப முடியாது. ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க இளைஞர்கள் வேலை தேடி வருகிறார்கள், முறையான வேலைகள் உருவாவது 30 லட்சம் அளவில்தான் என்பது ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி சொல்லும் கணக்கு. உலகத் தொழிலாளர் அமைப்பின் 2018 கணக்குப்படி அந்தக் கண்டத்தில் வேலை செய்வோரில் நூற்றுக்கு 85க்கும் மேற்பட்டோர் முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். கென்யாவில் வெயிலில் உட்கார்ந்து தகரம் தட்டும் 'ஜுவா காலி' தொழிலாளிகள் அவர்கள்தான். கானாவின் குமாசி நகரில் சுவாமே மேகஸின் என்ற பகுதிக்குப் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் மோட்டார் பட்டறைகள்தான். ஆயிரக்கணக்கான பையன்கள் அங்கே மேஸ்திரியிடம் தொழில் கற்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் தொழில் கற்பவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கே போவதில்லை, இப்படிப் பட்டறையில்தான் கற்கிறார்கள். கற்றுத்தரும் மேஸ்திரி அவர் அறிந்ததைத் தருவார். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள புது வண்டி வந்தால் அவருக்கும் திணறல்தான்.

பெனின் அரசு இதற்கு நல்ல வழி ஒன்று கண்டது. பையன் பட்டறையிலேயே இருக்கட்டும், வாரத்தில் ஒரு பகுதி நேரம் மட்டும் பயிற்சி மையத்துக்கு வரட்டும், முடிவில் அரசு அங்கீகரித்த சான்றிதழ் வாங்கட்டும் என்று ஏற்பாடு செய்தது. போட்ஸ்வானாவில் காசில்லாமல் கரைந்துபோன அதே வகுப்பு நாள் இங்கே வேறு வாசல் வழியாகத் திரும்ப வந்திருக்கிறது. புதிதாக ஒரு வளாகம் கட்டி உங்கள் பெயர்ப் பலகையை மாட்டுவதற்குப் பதிலாக, ஏற்கெனவே இருக்கும் நூறு பட்டறைகளின் பையன்களுக்கு அந்த ஒரு நாளைக் கொடுத்தால் பலன் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள்.

கட்டடத்துக்குப் பணம் தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பயிற்சியாளர் சம்பளத்துக்குத்தான் ஆள் இல்லை. நல்ல வெல்டர் வெளியில் அதிகம் சம்பாதிப்பார், பள்ளி கொடுக்கும் சொற்பத்துக்கு அவர் ஏன் இருக்க வேண்டும்? அவர் போன பிறகு நீங்கள் கொள்கலனில் அனுப்பிய லேத் மீது தூசி படியும். உதிரிபாகம் அந்த ஊரில் கிடைக்காத மாடலாக இருந்தால் அவர் இருந்தும் பயனில்லை. தேர்வுக் கட்டணமும் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாத செலவு. கென்யாவில் அரசின் தொழில் தேர்வுகள் கிரேடு 3இல் தொடங்கி 1வரை போகின்றன. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் முறையான நிறுவனம் உள்ளே விடும். பயிற்சிக்கெல்லாம் செலவழித்துவிட்டுக் கடைசியில் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளை நிற்பது என்னால் பொறுக்க முடியாத விஷயம்.

பிள்ளைகள் பொருள் செய்து விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவர் பணம் கொடுத்து வாங்கும் ஒரு கதவைச் செய்யும்போது வருகிற பொறுப்பு, மதிப்பெண்ணுக்காகச் செய்யும் கதவில் வராது. செய்யட்டும், விற்கட்டும். ஆனால் அந்த வருமானம் பயிற்சியாளர் சம்பளத்தைத் தாங்கும் தூணாக இருக்கக் கூடாது. அதில் ஒரு பங்கு அதைச் செய்த பிள்ளையின் கணக்கில் சேர்ந்து, வெளியே போகும் நாளில் அவன் கருவிப் பெட்டிக்கு ஆகட்டும். இழைப்புளி, உளி, ரம்பம் சொந்தமாக இல்லாத தச்சன் எவ்வளவு படித்திருந்தாலும் அடுத்தவர் பட்டறை வாசலில்தான் காத்திருப்பான்.

அடுத்த முறை ஒரு பள்ளி உங்களிடம் விண்ணப்பிக்கும்போது, எப்போது சொந்தக் காலில் நிற்பீர்கள் என்ற கேள்வியை எடுத்துவிட்டு வாராந்தரக் கால அட்டவணையைக் கேளுங்கள். வகுப்புக்கு எத்தனை மணி நேரம், போன ஆண்டு அதில் எத்தனை மணி நேரம் உண்மையிலேயே நடந்தது, யார் எடுத்தார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அந்தச் சம்பளத்தைக் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். வெளியே போன பிள்ளைகள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப்போய்ப் பார்க்க ஒரு ஆளுக்குச் செலவு கொடுங்கள். ஒப்பந்த வேலை நெருக்கும் வாரத்திலும் வகுப்பு நடக்கும் என்று எழுதி வாங்குங்கள். அப்படி நடத்துவதால் வரும் நஷ்டம் உங்களுடையது என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த ஆண்டு நிதி ஒதுக்கீட்டை நீங்கள் முடிவு செய்வதற்கு முன் இது உங்கள் கூட்டத்தில் பேசப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்